மணியின் மேல் ஒரு விரல்

உங்கள் நாற்காலி என் நாற்காலியைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. ஒருவரைப் பேசவைக்க வேண்டுமென்றால் இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, உளவியல் ஆசிரியை. மருத்துவக் கல்லூரியில் என் பாடம் ஒப்புக்குச் சப்பாணிதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் மேஜைக்கு அடியில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வார்கள்.

குருவி மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். சின்ன உருவம், ஓயாத பேச்சு, அதனால் அந்தப் பெயர். முதல் மாதமே என் அறைக்கு வந்தாள்.

"எங்கப்பாவுக்கு நோய் முத்திப்போச்சுன்னு டாக்டர் வராண்டாவுல நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாரு மேடம். உட்காரக்கூட இல்ல. நான் அந்த மாதிரி ஆயிடக்கூடாது."

அன்றிலிருந்து இரண்டு வருடம், தினமும் டீ நேரத்தில் என் எதிர் நாற்காலி அவளுடையது. ஒருநாள் அவசரத்தில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். போடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் பயிற்சி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு மாணவரும் நோயாளியாக நடிக்கும் ஒருவரும் இருப்பார்கள். சுவரில் ஒரு கண்ணாடி. அவர்களுக்கு அதில் அவர்கள் முகம்தான் தெரியும். பின்னால் இருக்கும் எனக்கு அவர்கள் இருவரும் தெரிவார்கள். என் மேஜையில் ஒரு மணி. நான் மணி அடிக்கும்வரை உள்ளே நடப்பது எல்லாம் நடிப்பு. பரீட்சையில் நடுவே ஒரு திருப்பம் வைப்பேன். நோயாளி திடீரென்று கத்துவார், மயங்கி விழுவார். பதறிப்போய் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கிறவர்களுக்கும், கண்ணாடியைப் பார்த்து "நிஜமா?" என்று கேட்கிறவர்களுக்கும் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். விதி என்னுடையது.

ஒன்பது வருடமாக நோயாளியாக நடித்தவர் ஒரு மேடை நாடகக்காரர். கனமான மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. வந்ததும் "இந்த வாரம் எனக்கு என்ன வியாதி டீச்சர்?" என்பார். அவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் டீன் என்னைக் கூப்பிட்டு ஒரு மனுவை நீட்டினார். உளவியல் வகுப்பு நேரத்தை வீணடிக்கிறது, அதை உடற்கூறியலுக்குக் கொடுங்கள் என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். "உங்க செல்லப் பொண்ணுதானே மேடம் முதல் கையெழுத்து?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

குருவியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எல்லாரும் சுத்தி நின்னாங்க மேடம். நான் போட்டாதான் மத்தவங்க போடுவாங்கன்னு பேப்பரை நீட்டினாங்க. மாட்டேன்னா ஒதுக்கிடுவாங்க. கூட்டத்துல மனுஷங்க இப்படித்தான்னு நீங்கதானே நடத்துனீங்க?"

கையெழுத்தைக்கூட மன்னித்திருப்பேன். செய்த துரோகத்துக்கு என் பாடத்தையே சாட்சிக்கு இழுத்தாள் பாருங்கள், அதுதான் ஆறவே இல்லை. அடுத்த நாளிலிருந்து டீ நேரத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. கூச்சமாக இருந்திருக்கும். நானும் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பரீட்சை. நாடகக்காரருக்கு அன்று சர்க்கரை மாத்திரை சாப்பிட மறுக்கும் நோயாளி வேஷம். திருப்பம் எதுவும் நான் கொடுக்கவில்லை. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். குருவி உள்ளே வந்தாள், நாற்காலியை அவர் மட்டத்துக்கு இறக்கினாள், பேச ஆரம்பித்தாள். நான்காவது நிமிடம் அவர் பேச்சை நிறுத்தி நெஞ்சில் கை வைத்தார்.

"என்னமோ பண்ணுதும்மா," என்றார்.

குருவி பதறவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்காய்யா? சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். நான் சொல்லிக்கொடுத்த அதே குரல், அதே நிதானம். அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. உதடு வெளுத்தது. உதட்டின் நிறத்தை எந்த நடிகராலும் மாற்ற முடியாது. பிறகு அவர் கண்ணாடியைப் பார்த்தார். நடிப்பவர்கள் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. ஒன்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குருவியும் திரும்பினாள். "மேடம்?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். "அம்மா" என்று கூப்பிட்டிருந்தால் மணியை அடித்திருப்பேனோ என்னவோ. பதில் வராததால் அவள் மறுபடி அவர் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேசினாள். மனுவில் வீண் என்று கையெழுத்துப் போட்ட பாடத்தை இவ்வளவு விசுவாசமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

பதினோராவது நிமிடம் அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அப்போதுதான் அவள் விதியை மீறிக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவசர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே. ஏழு நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள்.

விசாரணைக் குழுவிடம் நானும் நடிப்பு என்றே நினைத்ததாகச் சொன்னேன். நம்பினார்கள். குருவி என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்க ஏதாவது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. "பக்கத்துல இருந்தது நான்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு எல்லாப் புதன்கிழமையும் என் அறைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் என் நாற்காலியை அவள் மட்டத்துக்கு இறக்கி, ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டேன். ஐந்தாவது வாரம் அழுதுகொண்டே "அம்மா" என்றாள். படிப்பை விட்டுவிடப்போவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி மெதுவாகத்தான் கரையும், அவசரப்படுத்தக் கூடாது.

போன புதன் நான் வகுப்பு முடிந்து வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். மேஜையில் இருந்த, அன்றைய பரீட்சையின் மதிப்பெண் தாளைப் பார்த்திருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். இது இரண்டாவது முறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆமாம், அது என் கையெழுத்துதான். "நான்காம் நிமிடம்: நெஞ்சுவலி, நடிப்பல்ல. ஆறாம் நிமிடம்: உதடு வெளுப்பு. எட்டாம் நிமிடம்: கண்ணாடியைப் பார்க்கிறார்." பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது என் தொழில். மணியை நான் மறக்கவில்லை. என் விரல் கடைசிவரை அதன் மேலேயேதான் இருந்தது.

ஆனால் தாளின் கீழேயும் கொஞ்சம் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அவள் மேல் எனக்கு வன்மம் இருந்திருந்தால் அந்த மார்க்கைப் போட்டிருப்பேனா, நீங்களே சொல்லுங்கள்.