வளைவு சொல்கிறவள்

போடியிலிருந்து தேவாரம் வழியாக உத்தமபாளையம் போகும் பகல் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு மதினியும் நாத்தனாரும். நாத்தனார் வாரப் பத்திரிகையைப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பிரான்சுல பொம்பளைக மட்டும் கார்ப் பந்தயம் போறாகளாம் மதினி. பாரிசுல கெளம்பித் தெக்க கடக்கரை வரைக்கும். ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடியே ஆரம்பிச்சதாம். வண்டிக்கு ரெண்டு பேரு. ஒருத்தி ஓட்டுவா, இன்னொருத்தி மேப்பைப் பாத்து வளைவு சொல்லுவா."

"நானும் அந்த வேலைதான் பாக்குறேன்."

நாத்தனார் சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க அண்ணனுக்கு ஆறு மாசமாக் கண்ணு சரியாத் தெரியல. ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல ஆளேத்திட்டுப் போறப்ப, நான் பக்கத்துல உக்காந்து, இந்தா வலது, இந்தா பள்ளம்னு சொல்லிக்கிட்டே போவேன். பின்னாடி பத்துப் பதினஞ்சு பொம்பளைக. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் ஏற மாட்டாக."

"ஐயோ, போடிமெட்டு மலை ரோட்டுலயா? அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு வண்டி எடுக்க மாட்டேன்னாக. நான் நம்பல. சாவியக் கையோட கொண்டாந்துட்டேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

நாத்தனார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, தீவாளிக்குச் சாவி தொலஞ்சப்ப, அண்ணன் ஒயரைத் தொட்டு வச்சு ஸ்டார்ட் பண்ணித்தானே எங்கள வீட்டுல கொண்டாந்து விட்டாக?"

மதினி எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள். பண்ணைப்புரத்தில் பஸ் சரியாக நிற்பதற்குள் குதித்து, போடிப் பக்கம் போகும் லாரிக்குக் கை காட்டியபடி ஓடினாள். சாவி இருக்கையிலேயே கிடந்தது.