சர்ப்பகந்தா வேரும் பூவாத்தாள் அக்காவின் புகாரும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பின் லட்சுமியம்மாள் அவர்களே! எங்கள் மருந்தாய்வை நம்பிக் கைநீட்டிய சிங்காநல்லூர்ப் பெரியவர்களே! பந்திக்கு நேரமாகிறதே என்று படபடக்கும் பாசமிகு தாய்மார்களே! டாக்டர் பிரவீனாவின் பணிவான வணக்கம்.

“சுருக்கமாப் பேசுங்க” என்கிறார் பின்வரிசையில் ஒருவர். ஆகட்டுமுங்க!

சர்ப்பகந்தா என்றொரு வேர். இரத்தக் கொதிப்பை அது தணிக்கும் என்று ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே நம் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அளவு மிஞ்சினால் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். படித்தேனா? படித்தேன். பரீட்சையில் எழுதினேனா? எழுதினேன். அந்தச் சோர்வே பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது பார்த்தேனா? பார்க்கவில்லையே!

சென்ற ஆண்டு, குறைந்த அளவில் அந்த வேரை மறுபடி ஆராயத் தொடங்கினோம். முதலில் வந்தவர், இதோ முன்வரிசையில் தலைகுனிந்து சிரிக்கும் லேத் பட்டறை அங்கப்பன் அண்ணன். வந்த அன்று பிரஷர் நூற்றெழுபது. ஆறாம் வாரம் நூற்றுமுப்பது! நான் துள்ளிக் குதித்தேன்.

“ஏதாச்சும் தொந்தரவுங்களா அண்ணா?”

“ஒண்ணுமில்லீங்க, சௌக்கியமுங்க.”

வாராவாரம் அதே கேள்வி, அதே பதில்.

எட்டாம் வாரம் அவர் மனைவி பூவாத்தாள் அக்கா வந்து மாத்திரை டப்பாவை என் மேசைமேல் வைத்தார். “ஏனுங்க டாக்டரம்மா, எங்க ஊட்டுக்காரரு ஒரு மாசமா என்னைய வையவே இல்லீங்க.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன் தாய்மார்களே! அக்கா சிரிக்கவில்லை. “பட்டறைக்குப் போறதில்லீங்க. செவுத்தையே பாத்துட்டுக் கெடக்கறாரு. நேத்து, ‘நானில்லாட்டியும் நீ பொழச்சுக்குவியா அம்மணி’ன்னு கேட்டுப்போட்டாருங்க.”

அன்றே மருந்தை நிறுத்தினோம், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம், பிரஷருக்கு வேறு மாத்திரை கொடுத்தோம். ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வந்தா உக்கார வெச்சு டீ குடுக்கறீங்க. உங்க மருந்தப் போயிக் கொறை சொன்னா நல்லாவாங்க இருக்கும்?”

அடடா, எங்கள் கொங்கு மண்ணின் மரியாதையே! உன்னைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவள் நான். ஆனால் ஓர் உயிரையல்லவா நீ வாங்கப் பார்த்தாய்!

ஐந்து வாரம் கழித்து அக்கா போனில் அழுதார். “ரசத்துல உப்பில்லைன்னு வஞ்சுபோட்டாருங்க டாக்டரம்மா!” உப்பைக் குறைக்கச் சொன்னவளே நான்தான். இருந்தும் சந்தோஷத்தில் நானும் சேர்ந்து அழுதேன்.

அங்கப்பன் அண்ணா, பிரஷர் கருவியைப் பார்த்தேன், உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். “அதெல்லாம் எதுக்குங்க” என்று எழுந்து கும்பிடுகிறாரே! உட்காருங்கள் அண்ணா, கும்பிட வேண்டியவள் நான்.

இனி எங்கள் ஆய்வில் வீட்டாரையும் அழைத்துக் கேட்போம். தலை சுற்றினால் சொல்லுங்கள்! தூக்கம் கெட்டால் சொல்லுங்கள்! மனம் கனத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்! மருந்து சரியில்லையா, எங்களை வையுங்கள், வாய்விட்டு வையுங்கள்! நீங்கள் வைதால் எங்கள் மருந்து திருந்தும். நீங்கள் மறைத்தால் அதே மருந்து கொல்லும்.

பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கும், துணிந்து குறைசொன்ன பூவாத்தாள் அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கமுங்க!