பேசக் கற்றுத்தந்தவருக்கு, பேசாதே என்றவருக்கு

அமெரிக்காவின் லோவெல் நகரில் கால்வாய் ஓரம், பழைய நெசவாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில், முப்பத்தேழு பனிக்காலங்களாக நாவுக்கு நடை பழக்கிய நங்கையே! திக்கிய வாய்க்குத் திசை காட்டிய திருவே! ஊமையென்று ஊர் ஒதுக்கிய பிள்ளைகளை உரக்கப் பாட வைத்த உள்ளமே! எங்கள் நோரா டெலேனி அம்மையே!

இன்று பணி நிறைவு பெறும் உங்கள் முன், உடன் உழைத்த நாங்கள் வாசித்து வழங்கும் மடல் இது. வாசித்து முடித்ததும் இது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடும். சட்டத்தை மேலாளர் முன்கூட்டியே வாங்கிவிட்டார். அளவு சிறியது. ஆகவே புகழ்ச்சியைச் சுருக்குமாறு கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு மாதிரி மடலும் தந்தார். அதில் பெயருக்கு இடம் விட்டு, மற்ற நற்பண்புகள் எல்லாவற்றையும் நிரப்பியே வைத்திருந்தார்கள்.

அதை நாங்கள் படியெடுத்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

“என்ன இது? ‘மாசற்ற சேவை’யா? யாருக்கு?”

“உங்களுக்குத்தாங்க.”

“விச்செத்தைப் பத்தி இதுல எங்க இருக்கு?”

“பாராட்டு மடல்ல அதெல்லாம் எழுத மாட்டாங்க.”

“எழுதலைன்னா மேடையிலயே வாங்கிக் கிழிச்சுடுவேன். அப்புறம் அந்தச் சட்டத்துல கேக்கை வெச்சு மாட்டிக்குங்க.”

சொன்னதைச் செய்பவர் நீங்கள். ஆகவே எழுதுகிறோம்.

கற்றுக்கொண்டே கற்பித்த பெருந்தகையே!

வந்த முதல் வாரத்தில், ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன சிறுமியின் உச்சந்தலையில் தட்டிப் பாராட்டினீர்கள். அந்தத் தாயின் முகம் சாம்பல் பூத்தது. எங்களில் பலர் கம்போடியாவிலிருந்து வந்தவர்கள். எங்களுக்குத் தலை என்பது கருவறை; கண்டவர் கை அங்கே படலாகாது. அடுத்த வாரமே உங்கள் கை தோளுக்கு இறங்கிவிட்டது. வாசலில் காலணியைக் கழற்றக் கற்றீர்கள். காலை நீட்டாமல் பாயில் உட்காரக் கற்றீர்கள். மணம் பிடித்தவர் மட்டுமே மதிக்கும் ப்ரஹொக் என்ற எங்கள் மீன் ஊறலைச் சோற்றில் பிசைந்து, கண்ணில் நீர் வர, “நல்லா இருக்கு” என்று சொல்லவும் கற்றீர்கள்.

தலைமையகமும் எங்களுக்கு ஆண்டுதோறும் மூன்று மணி நேரம் பண்பாட்டு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கிறது. நடுவில் சாண்ட்விச் உண்டு. “ஆசியக் குடும்பத்தார் கண்ணை நேருக்கு நேர் பார்க்க மாட்டார்கள்” என்று பயிற்றுநர் சொன்ன நொடியிலிருந்து, எங்கள் மொழிபெயர்ப்பாளர் கொலாப் அவரை இமை கொட்டாமல் பார்க்கத் தொடங்கினார். இருபது நிமிடம் பொறுத்த பயிற்றுநர் கேட்டார்: “ஏம்மா, ஏதாவது சந்தேகமா?”

“ஒண்ணுமில்ல. நீங்க சொன்னது சரியான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

சான்றிதழ் எல்லோருக்கும் வந்தது, கொலாப்புக்கும். கூடவே ஓர் அறிவுரைத் தாளும் வந்தது: கை குலுக்காதீர், விரல் நீட்டாதீர், பரிசைப் பிரிக்காதீர். அந்தத் தாளில் இல்லாத வரி ஒன்று உண்டு. ‘நீங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள், எச்சரிக்கை.’

அந்த வரியை எழுதத்தான் எங்களைப் பணித்தீர்கள்.

நூல் பல கற்ற நுண்ணறிவாளரே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, மார்ச் மாதம். சான்தூ என்ற இளம் விதவை, ஐந்து வயது மகன் விச்செத்தைக் கூட்டிக்கொண்டு இந்தப் படியேறினார். பிள்ளை பள்ளியில் வாய் திறப்பதில்லை என்று அனுப்பியிருந்தார்கள். “வீட்டுல மழைக்காலத் தவளை மாதிரி கத்துவான், க்ரூ” என்றார் தாய். ஆசிரியர் எவரையும் நாங்கள் க்ரூ என்றுதான் அழைப்போம். அதற்கு மேல் எங்களிடம் பதவி கிடையாது.

அன்றைய பாடநூல் சொன்னதை அப்படியே நீங்கள் சொன்னீர்கள்: “ரெண்டு பாஷை பிள்ளையைக் குழப்புது. இனிமே வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. உங்க பாஷை வேண்டாம்.”

கொலாப்புக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மொழிபெயர்க்கும் முன் உங்கள் பக்கம் குனிந்தார். “க்ரூ, இந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல எண்ணி நாப்பது வார்த்தைதான் தெரியும்.”

“தெரிஞ்சதைப் பேசட்டும். மத்தது தானா வரும்.”

கொலாப் மொழிபெயர்த்தார். சான்தூ இரு கைகளையும் நெற்றி உயரத்துக்குக் கூப்பித் தாழ்ந்து வணங்கினார். நீங்கள் கோப்பில் குறித்தீர்கள்: ‘தாய் நன்றாக ஒத்துழைக்கிறார்.’

இதே அறிவுரையைக் கிரேக்கத் தாய்மாருக்கும் போர்த்துகீசியத் தாய்மாருக்கும் வழங்கியிருந்தீர்கள். அவர்கள் பலமாகத் தலையாட்டிவிட்டு, படி இறங்கும்போதே பிள்ளையைத் தாய்மொழியில் ஏசிக்கொண்டு போனார்கள். ஆகவே அந்த வீடுகளில் தீங்கு நேரவில்லை. சான்தூ அப்படிப்பட்டவரல்லர். வாய் திறந்தவர் பிழைக்காத நாட்டிலிருந்து வாய் மூடிப் பிழைத்து வந்தவர். ‘பேசாதே’ என்பது அவருக்குப் புதிய பாடமில்லை. இம்முறை அதைச் சொன்னவர் அன்பாகச் சொன்னார், அவ்வளவுதான் வேறுபாடு.

சாப்பிடு, தூங்கு, கோட்டு, பஸ், நடை, நல்லது, இல்லை, கவனம். இப்படி நாற்பது சொற்களால் ஒரு தாய் ஒரு மகனை வளர்த்தார். காய்ச்சல் கண்டால் அருகில் உட்கார்ந்து, “நல்லது, நல்லது, தூங்கு.” பரிசு வாங்கி வந்தால், “நல்லது, சாப்பிடு.” தாய்லாந்து எல்லை முகாமிலிருந்து, விட்டுவந்த தம்பியைத் தேடித் திரும்பிப் போய், வராமலே போன கணவரின் கதையை மகன் ஒருநாள் கேட்டபோது, அந்த நாற்பதுக்குள் அகப்பட்டவை மூன்று: “அப்பா. நடை. இல்லை.”

விச்செத்தின் ஆங்கிலம் மளமளவென்று வளர்ந்தது. ‘மிகச் சிறந்த முன்னேற்றம்’ என்று கோப்பை மூடினீர்கள். நன்றி மறவாத சான்தூ, ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் புத்தாண்டுக்கு, வாழையிலையில் பொதிந்து அவித்த நும் அன்சம் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தார். பதின்மூன்று ஏப்ரல்கள். ஒட்டரிசியும் வாழைப்பழமுமாக நீங்கள் ரசித்து உண்டீர்கள். அவரோடு பேச வேண்டும் என்பதற்காகவே எங்கள் கெமர் மொழியைக் கற்கத் தொடங்கினீர்கள். மகனோடு பேசாத மொழியில் அவர் உங்களோடு பேசிச் சிரித்தார்.

பதின்மூன்றாம் ஏப்ரலில், மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. “பையன் வெளியூர் போறான், என்ன புத்தி சொல்லி அனுப்பப் போறீங்க?” என்று கேட்டீர்கள்.

சான்தூ விழித்தார். “நான் எங்க க்ரூ அவன்கிட்ட பேசுறேன்? நீங்கதானே வேண்டாம்னீங்க.”

பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, விடுப்புக் கேட்கும் மாணவியைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இப்பத்தான் பெரியவனாயிட்டானே. பேசலாமா, க்ரூ?”

அன்று கொலாப் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை. அந்த அளவுக்கு உங்களுக்கு எங்கள் மொழி வந்திருந்தது.

“பேசுங்க” என்றீர்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். மரியாதையுள்ள மகன் முழுவதையும் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னான்: “அம்மா, எனக்கு ஒண்ணுமே புரியல.”

செய்ததை மறவாத செம்மையே!

அதன்பின் “புரிஞ்சுதா?” என்று எந்தத் தாயையும் நீங்கள் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. “வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, இப்ப செஞ்சு காட்டுங்க” என்றே கேட்டீர்கள். ‘உங்கள் மொழியில் பேசுங்கள், பாடுங்கள், திட்டுங்கள்’ என்று ஆறு மொழிகளில் வாசலுக்கு மேல் எழுதி மாட்டினீர்கள். பழைய கோப்புகளைப் பிரித்து, அந்த அறிவுரையைப் பெற்ற வீடுகளின் கதவுகளை ஞாயிறுதோறும் தட்டினீர்கள். சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் தேநீர் தந்தார்கள். மூன்று வீடுகளில் பிள்ளைகள்தான் கதவைத் திறந்தார்கள். உள்ளே பெற்றோர் இருந்தார்கள். நீங்கள் சொன்னதை உள்ளே கொண்டு போய்ச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு மொழி இல்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் சான்தூவுக்குப் பக்கவாதம். விச்செத் இப்போது ஊரறிந்த வழக்கறிஞர். வாடகை வீட்டிலிருந்து விரட்டப்படுவோருக்காக நாளெல்லாம் வாதாடும் நாக்கு. அவர்தான் தாயைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்தீர்கள். நாற்பது ஆங்கிலச் சொற்களும் போயிருந்தன. கெமரும் போயிருந்தது, ஒரே ஒரு வாக்கியம் நீங்கலாக. தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான், சன்னலில் பனி விழுந்தாலும் அதுதான். நோயில் சிலருக்கு அப்படி ஒரு துண்டு மிஞ்சும் என்பது எங்கள் தொழிலில் அனைவரும் அறிந்தது. எது மிஞ்சும் என்பதை எந்த நூலும் சொல்வதில்லை.

“பேசலாமா, க்ரூ?”

கொலாப் எழுந்து நடைவழிக்குப் போய்விட்டார். “அன்னிக்கு நான் கொஞ்சம் தப்பா மொழிபெயர்த்திருக்கக் கூடாதா?” என்று சுவரைக் கேட்டார். முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் கேட்ட கேள்விகளில் கேலி இல்லாதது அது ஒன்றே.

“அம்மா என்ன கேக்குறாங்க?” என்றார் விச்செத்.

எதையும் மழுப்பாமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். “அவங்களுக்கு என்கிட்ட சொல்ல எதுவும் இல்லைன்னு நெனச்சேன்” என்றார் விச்செத். “இத்தனை வருஷமும்.”

“இருந்துச்சு. நான் நிறுத்திட்டேன்.”

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். அந்தக் கேள்விக்குரிய பதிலை எங்கள் மொழியில் கற்றுத்தர வேண்டும் என்றார். மூன்று செவ்வாய்க்கிழமைகள் நடந்தது பயிற்சி. உங்கள் ஐரிஷ் வம்ச உச்சரிப்பின் வாசனையோடு நீங்கள் சொல்ல, நீதிமன்ற மிடுக்கோடு அவர் திருப்பிச் சொல்ல, “ரெண்டு பேரும் சேந்து எங்க பாஷையைக் கொல்லுறீங்க, இன்னொரு தடவை” என்று கொலாப் விரட்டினார்.

சென்ற செவ்வாய், தாய் கேட்டார். மகன் மண்டியிட்டு, அவர் முகத்துக்குக் கீழே தன் முகம் வர அமர்ந்து சொன்னார்: “பேசுங்கம்மா.” ஓசை பிசகவில்லை. கொலாப்புக்கே திருத்த ஒன்றும் இல்லை.

சான்தூ அவரைப் பார்த்தார். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தார். பிறகு மகனின் தோளுக்கு மேலாகக் கண்ணை உயர்த்தி உங்களைப் பார்த்தார். அசையும் ஒரு கையை நெற்றிக்கு உயர்த்திக் காத்திருந்தார். “பேசுங்க” என்று நீங்கள் சொல்லும்வரை அந்தக் கை இறங்கவில்லை. சொன்னீர்கள். கை இறங்கியது. உதடு பிரிந்தது.

“பேசலாமா, க்ரூ?” என்றார்.

போய் வருக என்று சொல்ல மனம் வராத எங்கள் அம்மையே!

உங்கள் நாற்காலிக்கு நாளை வேறொருவர் வருகிறார். நல்லவர், சான்றிதழ் பெற்றவர், தலையைத் தொடமாட்டார். ஆனால் சான்தூவின் கண் தேடி உயரும்போது அவர் முகம் பயன்படாது.

நோயின்றி நெடுங்காலம் வாழ்க என்பது எல்லா மடல்களின் முடிவிலும் இருப்பது. மாதிரி மடலிலும் இருந்தது. நாங்கள் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. சான்தூவைவிட ஒருநாளேனும் கூடுதலாக வாழுங்கள். எங்கள் வேண்டுதலின் அளவு அவ்வளவே. நடை தளராதிருங்கள், இங்கே மின்தூக்கி அடிக்கடி நிற்கும். குரல் கம்மாதிருங்கள்.

ஓய்வு பெற்றவர் உள்ளறைக்கு வர விருந்தினர் அட்டை வேண்டுமாம். செவ்வாய்தோறும், காலை பத்து மணிக்கு என்று கொலாப் ஓர் அட்டை வாங்கி வைத்திருக்கிறார். அதில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்து, ‘அனுமதி தருபவர்’ என்று எழுதியிருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள்மீது மாறா அன்புடைய
பேச்சுப் பயிற்சி நிலைய ஊழியர்கள்,
லோவெல்.

அவர்களுடன்,
கொலாப், மொழிபெயர்த்தவர்.