ஸ்டோர் ரூமில் ஆறு பேர்

— மூணாங்கிளாஸ் முடிச்சாச்சு, டீச்சரம்மா. அடுத்து நாலாங்கிளாஸ் பாத்துடலாமா?

— முடிச்சாச்சா? சார், ஆய்வுக்கு வர்றீங்கன்னு நான் ஒன்பது மணியிலேருந்து வாசல்லயே நிக்கிறேன். நீங்க இப்பத்தான் ஆபீஸ் ரூமுக்குள்ளயே வர்றீங்க! மூணாங்கிளாஸ் பிள்ளைங்க தலை வாரி, நகம் வெட்டி, கைகட்டி உக்காந்திருக்கு. உங்க நிழலைக் கூட இன்னும் பாக்கல.

— பொறுங்க, பொறுங்க. பஸ்காரன் என்னைப் பின்பக்கத் தெருவுல இறக்கிவிட்டுட்டான். பின்வாசல் தொறந்திருந்துச்சு, வந்தேன். முதல் ரூம்ல ஆறு பிள்ளைங்க. எந்த கிளாஸ்னு கேட்டேன், மூணுன்னாங்க. சரி, பாதிப் பேரைத் தனியா உக்கார வச்சுப் பாடம் நடத்துறீங்க போலன்னு நெனச்சேன். பழைய பெஞ்சு ஒண்ணைத் தட்டிப் போட்டு, அங்கேயே பரீட்சை வச்சுட்டேன்.

— முதல் ரூமா? அய்யய்யோ, ஸ்டோர் ரூம்!

— இது வேணாம் வேணாம்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், பெரிய டீச்சர்.

— நீ சும்மா இரும்மா. மூணாங்கிளாஸ் உன் கிளாஸ்தானே, என்னைச் சொல்ல வந்துட்ட. சார், அது வந்து... அந்த ஆறு பிள்ளைங்களுக்கும் இன்னைக்கு உடம்பு சரியில்ல.

— ஆறு பேருக்கும் ஒரே நாள்லயா? நல்லா கொழுகொழுன்னு இருந்தாங்களே.

— பொய் எதுக்கு, பெரிய டீச்சர்? சார், நானே சொல்லிடறேன். அந்த ஆறும் படிப்புல கொஞ்சம் பின்னாடி. யாராவது பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்தா அவங்களை மட்டும் ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சுடுவோம். பூட்ட மாட்டோம் சார், சும்மா கதவைச் சாத்தி வைப்போம். சத்தம் போடாம இருந்தா ஆளுக்கொரு மிட்டாய்.

— யாராவதுன்னா?

— அதிகாரிங்க, நன்கொடை குடுக்கிறவங்க, போட்டோ எடுக்கிறவங்க, காலேஜ் பசங்க. இந்த வருஷம் மட்டும் பத்தொம்பது தடவை. சில பேர் காலையில வந்தா பெல் அடிக்கிற வரைக்கும் போக மாட்டாங்க.

— சார், அந்த மார்க் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு கிளாஸுக்கு வாங்களேன். அங்க முத்து முத்தா பிள்ளைங்க இருக்கு.

— ஒரு கிளாஸுக்கு ஒரே தாள், டீச்சரம்மா. நம்பர் அடிச்சு வருது. கையெழுத்தும் போட்டாச்சு.

— அப்ப தொலைஞ்சோம். அறுபது மார்க்குக்குக் கீழ போனா இந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் பெரிய ரோட்டுப் பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. இருபத்தாறு வருஷம் சார்! இந்தச் செவுத்துக்கு நானே ஏணி மேல ஏறி நின்னு சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே.

— எண்பத்துநாலு.

— என்னது?

— மூணாங்கிளாஸுக்கு. நூத்துக்கு எண்பத்துநாலு. கணக்கு சுமார்தான், கழித்தல்ல ரெண்டு பேர் கோட்டை விட்டுட்டாங்க. வாசிப்புதான் தூக்கி நிறுத்திடுச்சு. நான் கொண்டுவந்த கதை அவங்க முன்னப்பின்ன பாத்ததே கிடையாது. தண்ணி பட்ட பாடா வாசிச்சுத் தள்ளிட்டாங்க.

— கிண்டல் பண்ணாதீங்க சார். அதுல முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு ஒண்ணு இருக்குமே. அந்த ஊமைக்கோட்டான் வாயவே தொறக்காது.

— அந்தப் பொண்ணா? வாசிச்சு முடிச்சுட்டு என்னையே கேள்வி கேட்டுச்சு. "நரி பொய் சொல்லுதுன்னு கரடிக்கு முதல்லயே தெரியுமே, அப்புறம் ஏன் சார் கூடப் போச்சு?"ன்னு.

— நெசமாவா சார்? எங்கிட்ட "உள்ளேன் டீச்சர்"னு சொல்றதுக்கே அது பத்து தடவை யோசிக்கும். யாரு சார் சொல்லிக் குடுத்தது? சத்தியமா நான் இல்ல.

— நல்ல நாளும் அதுவுமா கண்ணைக் கசக்காத. போன உசிரு திரும்பி வந்துச்சு சார்! வாங்க, நாலாங்கிளாஸுக்குப் போகலாம்.

— பொறுங்க, பொறுங்க. நூலகம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. போன வருஷம் நூறு கதைப் புத்தகம் அனுப்பினோமே, அதெல்லாம் எங்க?

— கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன் சார்! கிளாஸ்ல குடுத்தா ஒரே வாரத்துல கிழிச்சு நார் நாராக்கிடுவாங்க. அதனால ஒரு பிள்ளை கையும் படாம தட்டுல அடுக்கி வச்சிருக்கேன். வந்த மேனிக்கு அப்படியே இருக்கு.

— எந்த ரூம்ல?

— அது... ஸ்டோர் ரூம்லதான் சார்.

— அதான் பாத்தேன். நான் கிளம்புறப்போ அந்தப் பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு. "கடைசித் தட்டுல இன்னும் பதினாலு புத்தகம் படிக்கப் பாக்கி இருக்கு சார், நீங்க மறுபடியும் எப்ப வருவீங்க?"ன்னு கேட்டுச்சு.