கேட்டது ஒரு பாதை, கிடைத்தது நான்கு உதவி

தாமதமாக வந்தாலும் தளராது வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அடுத்தடுத்து அமர்ந்தும் ஒருவரையொருவர் அறியாத நான்கு துறை அதிகாரிகளே! வெயிலில் வதங்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! இந்தத் தையல்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

நாம் கேட்டதென்ன? மாளிகையா? மண்டபமா? ஏரிக்கரைக்கு இறங்க நாற்பதடிச் சரிவுப் பாதை! பேருந்து ஓட்டிய என் கணவர், விபத்தில் கால்களை இழந்தவர், சக்கர நாற்காலியில் தண்ணீரருகே போகவேண்டும். அவ்வளவுதான்.

வனத்துறை வந்தது. "பாதை போட்டுத் தரமாட்டோம்மா, எப்படிப் போடணும்னு சொல்லித் தருவோம்" என்றது. அதற்குப் பெயராம் தொழில்நுட்ப உதவி! பாதை வரும் இடத்தைக் குறிக்கக் குச்சிகளை ஊன்றிச் சிவப்புத் துணி கட்டிப் போனது. சுற்றுலாத் துறை வந்து வெள்ளைத் துணி கட்டியது. விளையாட்டுத் துறைக்கு மஞ்சள். துணியெல்லாம் என் கடையில் கிழித்ததுதான்! கடைசியாக வந்த நீர்வளத் துறையோ குச்சிக்காட்டைக் கண்டு மலைத்து, "அடேங்கப்பா, எவ்வளவு வேலை நடந்திருக்கு! ஒண்ணு கூட அசையக்கூடாது" என்று சுற்றிலும் கம்பிவேலி போட்டுவிட்டது.

யாரது பின்வரிசையில், "பாதை எங்கக்கா?" என்பது? அவசரப்படாதீர்கள் தம்பி! இன்றைய விழாவே அதற்குத்தானே? நான்கு உதவிகளையும் ஒருங்கிணைப்பது எப்படி என்று சொல்லித்தர, ஐந்தாவதாக ஓர் உதவித் திட்டம் தொடங்குகிறார்கள். கைதட்டுங்கள், ஐயாமார் பார்க்கிறார்கள்!

முன்பாவது பக்கத்து வீட்டு அண்ணன்மார் என் கணவரைத் தூக்கி இறக்குவார்கள். வேலி வந்தது, அதுவும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை! போன வாரம் அவர் சொன்னார்: "விடும்மா. நாற்காலிய ஏரிப் பக்கமாத் திருப்பி வை, போதும்." நாடெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர், தாய்மார்களே!

ஆகவே, நாடாவைத் தலைவர் வெட்டட்டும். கம்பியை வெட்ட, நம் எலெக்ட்ரீஷியன் அண்ணன் கட்டிங் பிளேயரோடு வேலியருகே நிற்கிறார். என் கணவரும் அங்கேதான் இருக்கிறார். மேட்டிலிருந்து நாற்காலியை இறக்க நான்கு பேர் வேண்டும். அதிகாரிகளே, நீங்களும் நால்வர்! ஆலோசனை வேண்டாம், ஆளுக்கொரு மூலை பிடியுங்கள். கைகொடுப்போர்க்கு நன்றி, கைகட்டி நிற்போர்க்கு வணக்கம். நான் இறங்குகிறேன், வாருங்கள்!