கல்யாணம் நடக்காத தோப்பு

— இதையும் வெட்டும்மா.

— போதும் மாமா. தொண்ணூத்தொன்பது ஆப்பிள் வெட்டியாச்சு. கை விட்டுப்போச்சு.

— நாளைக்கு வர்ற வியாபாரி நூறு வெட்டிப் பார்ப்பான். நாமளும் நூறு பார்த்துடுவோம்.

— சரி... இந்தாங்க. விதை வரைக்கும் வெள்ளை வெளேர்னு இருக்கு.

— ஓட்டை?

— இல்ல.

— புழு எச்சம்?

— இல்லவே இல்ல! கண்ணாடியைப் போட்டுட்டு நீங்களே பாருங்க.

— போன வருஷம் நூத்துக்கு முப்பது சொத்தை. எட்டு தடவை மருந்தடிச்சும்...

— உங்களுக்கு இருமல்தான் மிச்சம்.

— அதை விடு. ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. மரத்துக்கு மரம் சிவப்புக் குழாய் கட்டினியே... அதுல விஷமே இல்லைங்கற. அப்புறம் பூச்சி எப்படிச் சாகும்?

— சாகாது மாமா. குழாயில இருக்கறது பெண் அந்துப்பூச்சியோட வாசனை. தோப்பு முழுக்க அதே வாசனைன்னா, ஆண் பூச்சிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பொண்ணு கூப்பிடற மாதிரியே இருக்கும். நிஜப் பொண்ணு எந்தக் கிளையில இருக்குன்னு...

— தெரியாம அலையும்! அட பாவமே... ஊரெல்லாம் பொண்ணு, கைப்பிடிக்க ஒருத்தி இல்ல!

— கல்யாணம் இல்லாட்டி முட்டை ஏது? முட்டை இல்லாட்டி புழு ஏது?

— நான் உன்னைக் கேலி பண்ணினேன்மா. "என் மருமக மரத்துக்கு வளையல் மாட்டறா"ன்னு, பக்கத்துத் தோட்டக்காரன்கிட்ட.

— தெரியும். அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு.

— சொல்லிட்டானா? அவன் வாயில அவல் கிடைச்சா மெல்லாம விடுவானா... ஆனா ரெண்டாயிரம் குழாய்மா! ஏணி மேல ஏறி, உச்சிக் கிளையில, பூ விரியற நேரத்துக்குள்ள. என் புள்ளையே முதுகு வலின்னு பாதியில உக்காந்துட்டான். நீ உக்காரல. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

— மாமா, போதும்...

— கேட்டுக்க. இந்தப் பேரு முழுசா உனக்குத்தான் சேரணும். ஆனா...

— என்ன ஆனா?

— ரெண்டு மாசம் முன்னாடி, நீ உங்கம்மா வீட்டுக்குப் போன அன்னைக்கு... அதுக்கு முந்தின நாள்தான் பக்கத்துத் தோட்டக்காரன் அவன் தோட்டத்துல புழு விழுந்துடுச்சுன்னான். பயம். வேலியோரம் மூணு வரிசைக்குப் பழைய மருந்தை அடிச்சிட்டேன்.

— டாக்டர் உங்க நெஞ்சுப் படத்தைப் பார்த்துட்டு என்ன சொன்னாரு?

— இன்னொரு தடவை மருந்து உள்ள போனா... ஞாபகம் இருக்கு. திட்டணும்னா திட்டிடு. ஆனா அதிசயம் பாரு, நெடியே இல்ல. தண்ணியில ஊத்தினதும் வழக்கம்போல வெள்ளையாக் கலங்கிச்சு, அவ்வளவுதான். ஒரு இருமல்கூட வரல!

— எப்படி மாமா வரும்? முந்தின நாள் நீங்க தெளிப்பானைத் துடைச்சு வச்சதைப் பார்த்துட்டேன். மருந்தை வேற டப்பாவுல ஊத்திப் பூட்டி வச்சிட்டு, அந்த மருந்து பாட்டிலைக் கழுவி... அன்னைக்குக் காலையில காபியில பாலே இல்லன்னு கோவிச்சுக்கிட்டீங்களே, அந்தப் பாலைத்தான் ஊத்தி வச்சேன்.