முகத்துக்கு நேரே வெளிச்சம்

— இன்னும் ஏத்து, தம்பி. முகத்துக்கு நேரா ஏத்து.

— எல்லா லைட்டும் முழுசா எரியுது, அண்ணி. மேல இந்தக் கூண்டுல எனக்கே வேர்த்து ஊத்துது. ஹெட்போன்ல மெதுவாப் பேசுங்க, யாராவது கேட்டுடப் போறாங்க.

— மேடை ஓரத்துல உடுப்பு மடிக்கிறவ பேச்சை எவன் கேக்கப் போறான்? அந்தாளு முகம் எப்படி இருக்கு, சொல்லு. எனக்கு முதுகுதான் தெரியுது.

— நட்ட கம்பம் மாதிரி நிக்கிறாரு ஹீரோ. கண்ணுல புரை வேற. இப்படி நேரா அடிச்சா, சபை மொத்தமும் அவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச சுவருதான்.

— உங்க அண்ணன் அந்தக் கூண்டுல இருந்தவரைக்கும் இவருக்குக் கண்ணு மங்கலுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, கேட்டியா. பக்கவாட்டுல, தாழ, மஞ்சளா லைட்டை வெச்சு, கையப் பிடிச்சு நடத்துற மாதிரில்ல நடத்தினாரு.

— அதுக்கு இந்த ஹீரோ, 'சுவிட்சு போடுற வேலைதானே, எவனும் போடுவான்'னாரே, அதான் அண்ணனுக்குக் கெடைச்ச கூலி.

— ஏணி மேல ஆளு நிக்கிறப்ப மேடை விளக்கை அணைக்கச் சொன்னது யாரு? ஒத்திகைக்கு இருட்டு வேணுமாம் துரைக்கு. இடுப்பு ஒடிஞ்சு கெடந்தவரைப் பாத்து, குடிச்சிட்டு ஏறினான்னு வாய் கூசாமச் சொன்னது யாரு? ஒரு சொட்டு தொட்டிருப்பாரா என் புருஷன்?

— அதனாலதான் அண்ணி நீங்க கேட்டதும் சரின்னேன். நாலு பேர் முன்னால திசை தெரியாம நின்னு அசிங்கப்படட்டும். அவ்வளவுதான்... ஐயோ, அழுறாரு.

— அழட்டும்.

— 'பெரியவனே, பக்கத்து லைட்டைப் போடுடா'ன்னு கையை நீட்டிக் கெஞ்சுறாரு. அண்ணனைக் கூப்பிடுறாரு!

— இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும். அது என்ன சத்தம்? சிரிக்கிறாங்களா?

— கை தட்டுறாங்க, அண்ணி. மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நிக்குது. நடிப்புன்னு நெனச்சுட்டாங்க! நாம போட்ட வெளிச்சத்துல அவருக்கா பேரு? போதும், நான் பக்கத்து லைட்டுக்கு மாத்துறேன்.

— கையை எடு. தட்டினா கும்பிட முன்னால வருவாரு, கேட்டியா. எப்பவும் வருவாரு.

— ஒரு எட்டு வெச்சா மேடை முடியுது! கீழ வாத்தியக்காரங்க குழி. ஆள் உயரப் பள்ளம் அண்ணி!

— காலையிலயே பாத்து வெச்சுட்டேன்.

— நான் வெளிச்சம் போடத்தான் ஒத்துக்கிட்டேன், ஆளை முடிக்க இல்ல! இருங்க... முன்வரிசையிலேருந்து யாரோ கத்துறாங்க. 'நகராதே, அங்கேயே நில்லு'ன்னு.

— யாருன்னு பாரு.

— அண்ணன். சக்கர நாற்காலியில வந்திருக்காரு. ஹீரோ அப்படியே நின்னுட்டாரு. அந்தக் குரல் எங்கேன்னு தேடுறாரு.

— வரவே மாட்டேன்னாரே மனுசன்... சரி. எல்லா லைட்டையும் அணைச்சுடு.

— அணைச்சா கும்மிருட்டாயிடுமே, எதுக்கு?

— அணை, தம்பி. அவரா விழலைன்னா என்ன, நான் மேடைக்குப் போறேன். உங்க அண்ணன் பாக்க வேணாம்.